கவர் மேலே இருப்பதும் எழுத்துதான்

பூச்சோங்கில் என் வீட்டுக்கு வருபவர்கள் புத்தக அலமாரியின் முன் கொஞ்சம் தடுமாறுவார்கள். தடித்த சமூக நாவலுக்குப் பக்கத்தில் முகமூடிக்காரன் காமிக்ஸ் நிற்கும். பக்திப் பாடல் தொகுப்பின் மேல் மலாய் நகைச்சுவைப் படப் பத்திரிகை கிடக்கும். வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், இங்கிலீஷ் போர்க்கதைப் படப் புத்தகங்கள், பாக்கெட் நாவல்கள், கோழி வளர்ப்புக்கு ஒரு கையேடு. "டீச்சர், இந்தக் காமிக்ஸ் எல்லாம் பசங்களோடதா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். என்னுடையது என்று சொன்னால் சிரித்துவிட்டு, "உங்களுக்கு ரொம்பப் பரந்த ரசனை லா" என்பார்கள்.

பரந்த ரசனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அச்சடித்த எதையும் படிக்காமல் கீழே வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெய்க் கறையோடு பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். இது என் அண்ணனிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் இதை விட்டேன். கைக்கு வந்த எழுத்தை வேண்டுமென்றே படிக்காமல் வைத்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தினமும் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பால்வெட்டுக்குப் போவாராம். உள்ளே போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் காகிதத்துக்கு இருந்த மரியாதை அப்பாவுக்குக்கூட கிடையாது. பழைய பேப்பர் காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மறந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார்.

அண்ணன் எனக்கு மூன்று வயது மூத்தவன். சனிக்கிழமை காலையில் என்னை பஸ்ஸில் ஏற்றி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவான். துணிக்கடை ஒன்றின் முன்னால், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒருவர் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் கட்டுகளை அவர் பிரிக்கும்போது நாங்கள் எதிரே குந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காமிக்ஸ் போய்விடும். அண்ணன் எதையும் ஒதுக்கமாட்டான். துப்பறியும் கதை, மந்திரவாதிக் கதை, குதிரைவீரர்கள் சுட்டுக்கொள்ளும் கதை, சமையல் குறிப்பு, ராசிபலன் எல்லாம் ஒன்றுதான் அவனுக்கு. "புத்தகத்துல ஒசத்தி தாழ்த்தி கெடையாது பாப்பா. படிச்சது, படிக்காதது. ரெண்டே ஜாதிதான்" என்பான்.

வீட்டுக்கு வந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்போம். வில்லன், போலீஸ், குதிரை எல்லாம் அண்ணன். பெண்களும் குழந்தைகளும் நான். துப்பாக்கி வெடிக்கும்போது அவன் போடும் சத்தத்தில் அம்மாவின் கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடும். மருமகள்கள் அழுகிற தொடர்கதை எனக்குப் பிடிக்கும். "மூக்கச் சிந்திட்டுப் படி, பேப்பர் நனையுது" என்று கேலி செய்வான். மறுவாரம் அவனே மெல்ல வந்து, "அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போச்சா இல்லையா?" என்று கேட்பான். சொல்லமாட்டேன். கெஞ்சவிட்டுத்தான் சொல்வேன்.

எங்கள் இருவருக்கும் வருடத்தில் ஒரு கஷ்டமான நாள் உண்டு. சரஸ்வதி பூஜை. அன்று புத்தகங்களையெல்லாம் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை ஓர் எழுத்தைக்கூட படிக்கக்கூடாது. மற்ற வீடுகளில் பள்ளிப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அம்மா அப்படியில்லை. அப்பாவின் பேப்பர், பத்திரமாக வைத்திருந்த பிறப்புப் பத்திரங்கள், காலண்டர் எல்லாம் சாமி மேடைக்குப் போய்விடும். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அன்று ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் தன்னைப் போல ஆகிவிடுவதில் உள்ளூர சந்தோஷமோ என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் முதல் நாளே ஒரு காமிக்ஸை கோழிக் கூட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்துவிடுவான். அவனுடைய புத்தகப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. மத்தியானம் அம்மா கண் அசரும்போது இரண்டு பேரும் அங்கே போய், வாய் திறக்காமல் படிப்போம். வருடத்திலேயே ருசியான காமிக்ஸ் அதுதான். ஒரு வருடம் அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலை.

அடுத்த ஆண்டு அண்ணன் ஃபார்ம் ஃபைவ் பள்ளி இறுதிப் பரீட்சையில் தோற்றான். அம்மாவுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சாமி குத்தம். அப்பாவுக்கும் ஒரு காரணம் தெரிந்தது. காமிக்ஸ்தான். "அந்தப் பெட்டி எங்கடா?" என்று கேட்டார். அண்ணன் சொல்லவில்லை. அவன் வேலை தேடி கிள்ளானுக்குப் போயிருந்த ஒரு நாள், அப்பா என் முன்னால் வந்து நின்றார். கையை ஓங்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. "எங்க இருக்கு?" என்றார். எனக்குப் பயம். வாயால் சொல்லவில்லை, விரலை மட்டும் கோழிக் கூட்டுப் பக்கம் நீட்டினேன். அன்று மத்தியானம் "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு வந்த பழைய பேப்பர்காரர் பெட்டியோடு தூக்கிப்போனார்.

சாயங்காலம் அண்ணன் வந்து, தட்டையாகக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தான். என்னிடம் வந்தான்.

"நீயா சொன்ன?"

தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். "இப்பப் போனா இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அப்பா கத்தினார். அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது, கூட்டாளிகளோடு தங்கியிருக்கிறான், ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது என்று அவனுடைய பழைய வகுப்புத் தோழன் வந்து சொன்னான். விலாசம் வாங்கி லெட்டர் போட்டேன். முதல் லெட்டரில் மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவதில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவதில் திட்டினேன். நீ பெரிய மனுஷனா, ஒரு பெட்டிக்காகத் தங்கச்சி வேண்டாமா, இனிமேல் நானும் எழுதமாட்டேன் போ என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அண்ணன் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஏழு மாதம் அந்த நினைப்போடு இருந்தேன். முதல் நாலு மாதம் துக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபமாகிவிட்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. எனக்கு அந்த வருடம் ஃபார்ம் த்ரீ பரீட்சை. "அவன்தான் திருட்டுத்தனமாப் படிச்சிக் கெட்டுப்போனான். நீயாச்சும் இன்னிக்கு ஒரு நாளு சும்மா இரு" என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். திருடிப் படிக்க எனக்கும் மனமில்லை. கூட்டாளி இல்லாத திருட்டில் என்ன ருசி?

பத்தரை மணிக்குத் தபால்காரர் கேட்டில் ஒரு கவரைச் செருகிவிட்டுப் போனார். நான்தான் எடுத்தேன். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. விலாசம் முழுக்கப் பெரிய இங்கிலீஷ் எழுத்து, காமிக்ஸ் பலூனுக்குள் இருக்கிற மாதிரி, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. அப்படி எழுதுகிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அடுத்த நிமிடமே அந்த ஏழு மாதக் கோபமும் திரும்பி வந்தது.

அம்மா சுண்டல் கிண்டிய கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "யாரு போட்டிருக்கா?"

நான் சொன்னேன்: "இன்னிக்குப் படிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கவர் மேல இருக்கிறதும் எழுத்துதானே? நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

அம்மா சிரித்தார். "வாயப் பாரு. ஆனா அதுவும் சரிதான்." இரண்டு கையாலும் கவரை வாங்கினார். உள்ளே கொண்டுபோய் அடுக்கின் உச்சியில், வெள்ளைத் துணிக்கு மேல் வைத்தார். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு இட்டார்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. ஏழு மாதம் என்னைக் காக்க வைத்தான் அல்லவா, அவன் லெட்டர் ஒரு நாள் காத்திருக்கட்டும். அவ்வளவுதான் என் எண்ணம். அந்த நாள் முழுக்க அது எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. சுண்டல் சாப்பிட்டேன். பக்கத்து வீடுகளுக்குப் பொரியும் அவலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானம் அம்மா தூங்கினார். ஒரு தடவை சாமி மேடைவரைக்கும் போய்க் கையை நீட்டினேன். பிறகு, 'வேணாம், கெஞ்சவிடணும்' என்று திரும்பி வந்துவிட்டேன். எனக்குப் பக்தி கிடையாது. பரீட்சைப் பயம்கூட கிடையாது. வீம்பு. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

விஜயதசமி காலையில் அம்மா கற்பூரம் காட்டினார். அப்பா பட்டறைக்குப் போயிருந்தார். வழக்கமாகப் பாடப் புத்தகத்தில் நாலு வரி சத்தமாகப் படிக்கவேண்டும். அம்மா கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். "மொதல்ல இதப் படி. ராத்திரி பூரா சாமிகிட்ட இருந்திருக்கு. நல்ல சேதியாத்தான் இருக்கும்."

பிரித்தேன். சத்தமாகவே படித்தேன்.

"பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது. உன் மூன்று லெட்டரும் கிடைத்தது. மூன்றாவதுதான் நன்றாக இருந்தது. திட்டும்போதுதான் உனக்கு நடை வருகிறது. பெட்டிக் கோபம் எல்லாம் போய் ரொம்ப நாளாச்சு. அப்பா அப்படி முன்னால் வந்து நின்றிருந்தால் நானே காட்டிக்கொடுத்திருப்பேன். பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு ஒன்றும் இல்லை. எனக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. பூஜை அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஏற வேண்டும். அதுவரை போர்ட் கிள்ளான் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் இருப்பேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. உனக்குப் பதினோரு புத்தகம் சேர்த்துவைத்திருக்கிறேன்."

அம்மா குறுக்கே கேட்டார். "பூஜைன்னா? நேத்தா?"

இன்னும் மூன்று வரி இருந்தது. அதை மனதுக்குள் படித்தேன்.

"இந்த லெட்டர் பூஜை அன்றைக்குத்தான் வந்து சேரும். அம்மா இதைச் சாமி மேடையில் வைத்துவிடுவார்கள். வைத்தால் என்ன? நீ திருடிப் படித்துவிடுவாய்."

அம்மா அடுப்பை அணைத்தாரா என்றுகூட பார்க்கவில்லை. பஸ் மாறி பஸ் மாறிப் போர்ட் கிள்ளானுக்குப் போனோம். கப்பல் போய்விட்டது என்று தெரிந்துதான் போனோம். ஆனாலும் போனோம். காப்பிக் கடையில் அண்ணனோடு தங்கியிருந்தவர் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். முகச்சாயல் அப்படி.

"அஞ்சே முக்கால் வரைக்கும் இங்கதான் இருந்தான் ஆன்டி. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்திரிச்சிப் போயிப் பாத்துட்டு வந்தான். வந்துருவாங்க, என் தங்கச்சி படிக்காம இருக்காதுன்னான்."

ராஃபியாக் கயிற்றால் கட்டிய ஒரு கட்டைக் கொடுத்தார். பதினோரு காமிக்ஸ். பெட்டியில் இருந்தவற்றையே தேடித் தேடித் திரும்பச் சேர்த்திருக்கிறான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். "அவன் போட்டதுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, சாமியே கோவிச்சிக்கிட்டாலும் பரவால்லன்னு பிரிக்கச் சொல்லியிருப்பேனே" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாமப் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும்மா, எடுக்கும்போதே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அழுத அம்மாவின் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்டு எழுதவே இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் ஒரு காமிக்ஸ் வந்தது. முதலில் தாய் மொழியில், அதாவது சயாம்காரர்கள் மொழியில். பிறகு ஜப்பான் மொழி, அரபு மொழி, இன்னது என்றே தெரியாத மொழி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம்: "இதையும் படி பார்ப்போம்." நானும் வழக்கம் போல விடவில்லை. படத்தைப் பார்த்து நானே வசனம் கட்டி, அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். வில்லனும் குதிரையும் இப்போது நான்தான். எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்குப் பிடித்த புத்தகங்கள் அவைதான். "உனக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுதான் நல்ல புஸ்தகம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது வருடம் புத்தகம் வருவது நின்றது. பிறகு இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு லெட்டர் வந்தது. அப்பா நின்றுகொண்டே படித்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். தூரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டானாம். அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டதாம். எங்களுக்குப் பார்க்க முகம் இல்லை, தூக்க உடம்பு இல்லை. அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, வழக்கம்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் நான் ஓவென்று கத்தி அழுதேன்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அப்பா மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய்க் காமிக்ஸ் வாங்கிவர ஆரம்பித்தார். எது நல்லது என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். கையில் பட்டதை எல்லாம் அள்ளி வருவார். ஒரே புத்தகம் மூன்று தடவை வரும். ஒரு தடவை பாலர் பள்ளிக்கான வண்ணம் தீட்டும் புத்தகம் வந்தது. கோழி வளர்ப்புக் கையேடு வந்தது. என் மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். சாகும்வரை நிறுத்தவில்லை. நான் அத்தனையையும் படித்தேன். என்னுடைய பரந்த ரசனை என்று ஜனங்கள் மெச்சுவது இதைத்தான்.

தொண்ணூறுகளில் அம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டாக்டர் இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப்போவது பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். நான் பள்ளி விட்டதும் நேராக அங்கே போவேன். ஒரு நாள், "அண்ணன் அனுப்பின புஸ்தகத்துல ஒண்ணு எடுத்தாந்து படி" என்றார். மறுநாள் ஜப்பான் காமிக்ஸைக் கொண்டுபோனேன். ஒரு பெண் மழையில் ரயிலடியில் நிற்கிற கதை. கட்டிலில் உட்கார்ந்து, குரலை மாற்றி மாற்றிப் படித்தேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாகூட திரும்பிப் படுத்துக் கேட்டார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கதையில், கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இதுல இருக்கிறது ஒரு எழுத்துகூட உனக்குத் தெரியாது. ஆனா கடகடன்னு படிக்கிற."

"ஆமாம்மா."

"அவன் எழுத்து மட்டும் அன்னிக்கு உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

கேள்வியில் கோபம் இல்லை. பல வருடமாக மடித்துவைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்டார். பஸ்ஸில் தலையில் அடித்துக்கொண்டபோதே தெரியுமா, பிறகுதான் தெரிந்துகொண்டாரா என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்ல ஆயிரம் கதை படித்திருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்தேன்.

"தெரியும்மா" என்றேன். "கையில எடுக்கும்போதே தெரியும்."

அம்மா என் மடியில் இருந்த புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி, படி" என்றார். "அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கு பாரு."